வேலிக்குள் துப்பாக்கி: உரிமையும் விலையும்

கடந்த ஆண்டு கோடைக்காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் இல்லத்தில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். அமைதியான புறநகர்க் குடியிருப்பு அது. ஒரு நாள் காலை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது, எதிர்வீட்டுக்காரர் தம் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருந்தார். என் வயதை ஒத்தவர். கையசைத்து நலம் விசாரித்தார். அவர் இடுப்பில் தோலுறைக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் மகளிடம் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. "அது அவர் வீடு, அவர் தோட்டம். சட்டப்படி சரிதான் அப்பா" என்றாள். அன்று இரவு உணவின்போது மருமகன் தயங்கியபடி ஒரு செய்தியைச் சொன்னார். "எங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது மாமா. நாங்களும் ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். அலுவலகத்தில் பலர் வைத்திருக்கிறார்கள்."

கிரீன் கார்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருக்கிறது. எச்1பி போன்ற தாற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே, அங்கே வேரூன்றத் தொடங்கும் நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் முன், வீடு வாங்குவதா, கார் மாற்றுவதா என்பனவற்றோடு சேர்ந்து இந்தக் கேள்வியும் வந்து நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், மருமகனுக்கு உடனே பதில் சொல்லாமல் சில வாரங்கள் படித்துப் பார்த்தேன். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்வது பயனுடையதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அந்த வாக்கியம் ஊர்க்காவல் படையைக் குறிப்பிட்டே தொடங்குவதால், அது படை சார்ந்த உரிமையா, தனிமனித உரிமையா என்ற வாதம் நெடுங்காலம் தீராமல் இருந்தது.

அந்த வாதத்துக்கு 2008-இல்தான் முடிவு வந்தது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிகளுக்கு ஏறத்தாழ முழுத் தடை இருந்தது. நீண்ட துப்பாக்கிகளைக்கூடத் தோட்டா நீக்கிப் பிரித்தோ, விசைப் பூட்டு இட்டோதான் வீட்டில் வைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் சொந்த வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதுகூடக் குற்றமாகும் அளவுக்குச் சட்டம் கடுமையாக இருந்தது. பகலில் அரசுக் கட்டடத்தில் துப்பாக்கியுடன் காவல் புரிந்த ஒருவர், இரவில் தம் வீட்டில் அதை வைத்திருக்க முடியவில்லையே என்று வழக்குத் தொடுத்தார். 'ஹெல்லர்' என்று அறியப்படும் அந்த வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. 2010-இல் சிகாகோ நகரம் தொடர்பான 'மெக்டொனால்டு' வழக்கில், அந்த உரிமை மாநில அரசுகளையும் உள்ளாட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று அறிவிக்கப்பட்டது. 2022-இல் நியூயார்க் மாநிலம் தொடர்பான 'புரூயன்' வழக்கில், வீட்டுக்கு வெளியிலும் அந்த உரிமை உண்டு என்றாயிற்று.

டெக்சாஸைப் பொருத்தவரை, 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிறைந்த, சட்டத் தடை எதுவும் இல்லாத எவரும் பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்த உரிமம் தேவையில்லை. அதற்கு முன்பு உரிமம் தேவைப்பட்ட காலத்திலும், சொந்த வீடும் அதைச் சேர்ந்த நிலமும் விலக்குப் பெற்றிருந்தன. ஆகவே, என் மகள் சொன்னது சரி. எதிர்வீட்டுப் பெரியவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

ஆனால் வேலி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடி தொலைவுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அதே சட்டம் தனியார் நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. மாநில உரிமம் பெற்றவருக்கும் விலக்கு உண்டு. எனவே, பள்ளிக்கு அருகே குடியிருக்கும், உரிமம் பெறாத ஒருவர் தம் புல்வெளியில் துப்பாக்கியுடன் நிற்கலாம். தபால் பெட்டியைத் தாண்டி நடைபாதையில் இரண்டடி வைத்தால், ஏட்டளவிலாவது அவர் மத்தியச் சட்டத்தை மீறியவர் ஆகிறார். உரிமை மனிதரோடு மட்டுமல்ல, மண்ணோடும் ஒட்டியிருக்கிறது.

இங்கே மூன்று செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது ஒன்று; தன் வளாகத்துக்குள் ஏந்தி நடப்பது இரண்டாவது; அதைப் பிறர் மீது நீட்டுவதும் சுடுவதும் மூன்றாவது. முதல் இரண்டும் அனுமதிக்கப்பட்டவை என்பதால் மூன்றாவதும் அனுமதிக்கப்பட்டது என்று பலர் எண்ணிக் கொள்கிறார்கள். துயரங்கள் தொடங்கும் இடம் இதுதான்.

ஒருவரின் வீடு அவருக்குக் கோட்டை என்ற கருத்து ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது. 1604-இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட 'செமெய்ன்' வழக்கை சட்ட மாணவர்கள் இதற்கு மூலமாகப் படிக்கிறார்கள். பொது இடத்தில் தாக்கப்படுபவர், பாதுகாப்பாக விலகிச் செல்ல வழியிருந்தால் விலக வேண்டும். தன் வீட்டில் இருப்பவர் விலக வேண்டியதில்லை என்பது அந்த மரபின் உட்பொருள். பல மாநிலங்களில் அது நாளடைவில் வீட்டைச் சூழ்ந்த முற்றம், முன்வாசல் வரை விரிந்தது. 2005-இல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம், ஒருவர் சட்டப்படி இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் விலக வேண்டியதில்லை என்று நீட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் சென்றன. டெக்சாஸ் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், இரவு நேரத் திருட்டைத் தடுக்கக்கூடச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உயிர் பறிக்கும் வலிமையைப் பயன்படுத்த இடம் தருகிறது.

ஏந்துவதற்கும் நீட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை உலகமே ஒருமுறை பார்த்தது. 2020 ஜூன் மாதம் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகரில், தங்கள் மாளிகை முன் சென்ற போராட்டக்காரர்களை நோக்கி ஒரு வழக்குரைஞர் தம்பதி துப்பாக்கிகளை நீட்டிய படம் எல்லா நாளிதழ்களிலும் வெளியானது. தங்கள் நிலத்தில், தங்கள் ஆயுதத்துடன் நின்றோம் என்றனர் அவர்கள். ஆயினும் வழக்கு தொடரப்பட்டது. 2021-இல் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினர். பின்னர் மாநில ஆளுநர் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். சட்டம் குற்றம் என்றது, அரசியல் மன்னித்தது. சாதாரண மனிதர் ஒருவர் இதிலிருந்து எந்தப் பாடத்தை எடுத்துக் கொள்வார்?

இன்னும் துயரமானவை, கதவு தவறிய நிகழ்வுகள். 1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து வந்து படித்துக் கொண்டிருந்த 16 வயது மாணவன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குச் செல்லும் வழியில் வேறொரு வீட்டின் மணியை அழுத்திவிட்டான். அசையாதே என்ற பொருளில் வீட்டுக்காரர் கூவிய ஆங்கிலச் சொல் அவனுக்கு விளங்காமல் போயிருக்கலாம். சிரித்தபடி முன்னே வந்த அவன் சுடப்பட்டு இறந்தான். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரரை ஜூரிகள் விடுவித்தனர். உரிமையியல் நீதிமன்றம் 6,50,000 டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து 2023 ஏப்ரலில், இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள். கான்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரச் சென்ற 16 வயது கறுப்பினச் சிறுவன், ஒரே எண்ணைத் தாங்கிய தெருப் பெயர்களின் குழப்பத்தால் வேறு வீட்டின் மணியை அடித்தான். 84 வயது முதியவர் கதவுக்கு உள்ளிருந்தே சுட்டார். சிறுவன் தலையில் காயத்துடன் உயிர் பிழைத்தான். நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில், வழி தவறி ஒரு வீட்டின் வளாகத்துக்குள் நுழைந்து திரும்பிக் கொண்டிருந்த காரை நோக்கி வீட்டுக்காரர் சுட்டதில் 20 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த வீட்டுக்காரருக்கு 2024-இல் குறைந்தது 25 ஆண்டுகள் முதல் ஆயுள் வரையிலான சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவை விதிவிலக்குகள் என்று சொல்லலாம். உண்மைதான். கோடிக்கணக்கான துப்பாக்கி உரிமையாளர்கள் எவர் மீதும் ஒருமுறைகூடச் சுடாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். எனினும், என் பேரன் பள்ளி நண்பனின் வீட்டைத் தேடிச் சைக்கிளில் செல்பவன். புதிய ஊரில், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில், எண்ணை மாற்றிப் படிக்கும் வயது. அவனுக்காக அந்த விதிவிலக்குகளை நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது ஆய்வாளரின் கடமை. அது வலுவற்ற வாதம் அன்று. அமெரிக்காவின் கிராமப்புற மாவட்டங்களில் காவலர் வந்து சேர நெடுநேரம் ஆகும். தனியாக வாழும் பெண்ணுக்கும் முதியவருக்கும் உடல் வலிமையில் உள்ள குறையை ஈடுசெய்யும் கருவி அது என்கிறார்கள். சிகாகோ வழக்கைத் தொடுத்த மெக்டொனால்டு எழுபது வயதைக் கடந்த கறுப்பினத்தவர். குற்றக் கும்பல்கள் மலிந்த பகுதியில் தம் வீட்டைக் காக்கவே அவர் நீதிமன்றம் சென்றார். மேலும், 2005-இல் கொலராடோவின் காசில் ராக் நகரம் தொடர்பான வழக்கில், நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையைக் காவல்துறை செயல்படுத்தவில்லை என்பதற்காக அரசமைப்புச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. காவல்துறை வந்தே தீரும் என்ற உறுதியை அரசு தராதபோது, என் பாதுகாப்பை நானே பார்த்துக் கொள்கிறேன் என்று குடிமகன் சொன்னால் அதை எளிதில் புறந்தள்ள முடியாது.

பொருளியல் சார்ந்த வாதமும் ஒன்று உண்டு. எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. ஆகவே, சில வீடுகளில் இருந்தால்கூட எல்லா வீடுகளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது. துப்பாக்கி வாங்குபவர் அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்கிறார் என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் தரவுகள் அதை ஆதரிக்கின்றனவா?

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் செங், ஹோக்ஸ்ட்ரா இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 2000 முதல் 2010 வரை கோட்டை மரபை விரிவாக்கிய மாநிலங்களையும், விரிவாக்காத மாநிலங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். வீடு புகுந்து திருடுதல், வழிப்பறி, கொடுந்தாக்குதல் ஆகிய குற்றங்கள் குறைந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. கொலைகள் மட்டும் சுமார் 8 சதவீதம் உயர்ந்தன. சுடுவதற்கான சட்டச் செலவைக் குறைத்தால் சுடுவது பெருகும் என்பது எங்கள் துறையின் முதல் பாடம். இங்கே அதுவே நடந்திருக்கிறது.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் கணக்கு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 20,958 பேர் கொலையுண்டவர்கள். தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328 பேர். அதாவது பாதிக்கும் மேல். நாட்டையே உலுக்கும் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகள் இந்த எண்ணிக்கையில் மிகச் சிறு பகுதி. வெளியிலிருந்து வருபவனுக்காக வாங்கப்படும் ஆயுதம், உள்ளே இருப்பவரையே பெரும்பாலும் பலி கொள்கிறது.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. கைத்துப்பாக்கி இல்லாத ஆண்களைவிட, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் சுமார் 8 மடங்கு. பெண்களிடையே சுமார் 35 மடங்கு. சாகும் எண்ணம் உடையவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கக் கூடும் அல்லவா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் அந்த இறப்புகளில் பாதிக்கும் சற்று மேலானவை, துப்பாக்கி வாங்கி ஓராண்டு கடந்த பிறகே நிகழ்ந்துள்ளன. அலமாரியில் கிடந்த கருவி, வாழ்வின் ஏதோ ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. பிற வழிகள் பலவற்றில் மனம் மாறவும், பிறர் வந்து காப்பாற்றவும் நேரம் இருக்கும். துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை.

இதற்கு வேறொரு நாட்டிலிருந்தும் சான்று உண்டு. இஸ்ரேல் ராணுவம் 2006-இல், இளம் வீரர்கள் வார இறுதியில் வீட்டுக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்லும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. அந்த வயதினரிடையே தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் வார நாள்களுக்கு மாறிக் கொள்ளவில்லை, வாழ்ந்தார்கள். துப்பாக்கி ஏந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கே இது உண்மை என்றால், கடையில் வாங்கி வீட்டில் வைக்கும் சாமானியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொருளியலில் 'கைதிகளின் இக்கட்டு' என்று ஒன்றைக் கற்பிப்போம். ஒவ்வொருவரும் தமக்கு நல்லது என்று எடுக்கும் முடிவு, எல்லோரையும் சேர்த்துக் கீழே தள்ளும் நிலை அது. எதிர்வீட்டில் துப்பாக்கி இருப்பதால் என் மருமகனும் வாங்க நினைக்கிறார். இவர் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரரும் யோசிப்பார். இறுதியில் தெரு முழுவதும் ஆயுதம் இருக்கும். எவருக்கும் பாதுகாப்பு கூடியிருக்காது. தவறு நேரும் வாய்ப்பு மட்டும் கூடியிருக்கும். 2018-இல் 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கக் குடிமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல். நூறு பேருக்கு 120. மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம். துப்பாக்கிகளின் எண்ணிக்கையே பாதுகாப்பு என்றால், வளர்ந்த நாடுகளில் அமெரிக்காவே மிகப் பாதுகாப்பான நாடாக இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டோடு ஒப்பிடுவது இங்கே பொருத்தமானது. இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று; அரசு தரும் அனுமதி. 1878-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, வீட்டில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமணம், திருவிழாக் கொண்டாட்டங்களில் கவனமின்றிச் சுடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அதற்காக நம் சட்டம் வீட்டுக்காரரைக் கைவிட்டு விடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்துப் புகுபவரிடமிருந்து காத்துக்கொள்ள, உயிர் போகும் அளவுக்குச் செயல்படவும் இடம் உண்டு. ஆனால் வெறும் திருட்டுக்கு அது பொருந்தாது. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் அதை நாட வேண்டும். பொருளைவிட உயிர் பெரிது என்ற அளவுகோல் அதில் இருக்கிறது. திருடனின் உயிரும் உயிர்தான் என்பது அதன் உட்கிடை.

இந்தியாவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில், குடவர் இனத்தவரும் 'ஜம்மா' நில உரிமையாளர்களும் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க ஆங்கிலேயர் காலம் முதல் விலக்கு உள்ளது. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது; 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அங்கே துப்பாக்கி, சடங்கோடும் முன்னோர் வழிபாட்டோடும் கலந்தது. 'கைல்போது' விழாவில் அதற்குப் பூச்சூட்டுகிறார்கள். விலக்கு என்ன, எவருக்கு, எந்த எல்லைக்குள் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. வீட்டில் துப்பாக்கி இருப்பது மட்டுமே சமூகத்தை வன்முறையானதாக்கி விடுவதில்லை என்பதற்குக் குடகு ஒரு சான்று. அதைச் சூழ்ந்திருக்கும் கட்டுப்பாடும் பண்பாடும்தான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் அமெரிக்கா என்ன செய்ய முடியும்? அரசமைப்புச் சட்டத்தை மாற்றுவது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. 39 கோடித் துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுவதும் நடவாது. ஆனால் ஹெல்லர் தீர்ப்பே, இந்த உரிமை எல்லையற்றது அன்று என்று கூறியுள்ளது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு ஆளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-இல் 'ரஹிமி' வழக்கில் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்தது. வேலிக்குள்ளும் சட்டம் நுழையலாம் என்பதே இதன் பொருள்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பாதுகாப்பாகப் பூட்டி வைத்தல். குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் இளையோரின் உயிரைக் காக்கின்றன என்பதற்கு, துப்பாக்கி ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட ராண்ட் நிறுவனம் வலுவான சான்று இருப்பதாகக் கூறியுள்ளது. மிச்சிகன் மாநிலத்தில் 2021-இல் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சிறுவனின் பெற்றோர், துப்பாக்கியைப் பாதுகாக்கத் தவறியதற்காக 2024-இல் சிறைத் தண்டனை பெற்றனர். இரண்டாவது, ஏந்தும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு என்பதைத் துப்பாக்கி விற்கும்போதே கற்பித்தல். கார் ஓட்டத் தேர்வு வைக்கும் மாநிலம், துப்பாக்கி ஏந்த ஒரு நாள் பயிற்சியைக்கூட வலியுறுத்தாதது முரண். மூன்றாவது, பொறுப்பேற்பு. தவறான கதவைத் தட்டியவரைச் சுட்டால் அதன் முழு விலையையும் சுட்டவரே ஏற்க வேண்டும். பொருளியலில் இதைப் புறவிளைவுகளை அகப்படுத்துதல் என்போம். உரிமை வேலியோடு நின்றுவிடுகிறது, தோட்டா நிற்பதில்லை.

இவற்றையெல்லாம் மருமகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சொன்னேன். வாங்கக் கூடாது என்று நான் கட்டளையிடவில்லை. அந்த அதிகாரமும் எனக்கில்லை. அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். "மாப்பிள்ளை, தற்காப்புக்குப் பயன்பட வேண்டுமென்றால் அது தோட்டாவுடன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பேரனிடமிருந்து காக்க வேண்டுமென்றால் தோட்டா நீக்கிப் பூட்டியிருக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு இடத்திலும் எப்படி இருக்கும்?"

அவர் விடை சொல்லவில்லை. கைரேகையில் திறக்கும் சிறு பெட்டகங்கள் உண்டே என்றாள் மகள். உண்டுதான். அந்தப் பெட்டகம் குழந்தையைத் தடுக்கும். கெட்ட இரவில் அதன் உரிமையாளரைத் தடுக்காது. தன் வீட்டு விளக்கு என்பதற்காக முத்தமிடலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். சட்டம் தரும் உரிமை, நம்மைச் சுடாது என்ற உறுதியைத் தருவதில்லை.

நான் புறப்படும்வரை அவர்கள் முடிவெடுக்கவில்லை. முன்வாசலில் கூடுதல் விளக்கும், கதவுக்கு உறுதியான தாழ்ப்பாளும், மணி அடிப்பவரைக் காட்டும் கேமராவும் பொருத்தினார்கள். பிறகு, மகள் சொல்லி, பேரனை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சென்றோம். பெரியவரிடம் அவன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்து வைத்தாள். அவன் பந்து சில நேரம் உங்கள் தோட்டத்தில் விழும் என்றாள். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக் கொள்ளட்டும் என்றார் அவர், பேரனின் கையைக் குலுக்கியபடி.

அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு குழந்தை தன் பந்தை எடுப்பதற்கு முன், அண்டை வீட்டார் அவன் முகத்தை அறிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாய் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த உரிமைக்கு அந்தத் தெருவே செலுத்தும் விலை அது. எந்தப் புள்ளிவிவரத்திலும் அது பதிவாவதில்லை. நமக்கு இங்கே அந்த விலை இல்லை என்பதை, துப்பாக்கி உரிமத்தை எளிதாக்க வேண்டும் என்று இந்தியாவில் அவ்வப்போது குரல் எழுப்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)